பச்சை நெல், கிழமை லோன், ஒலுவில் கடற்கரை: ரீச்சரின் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காசைப் பற்றியவை. நாட்டின் பொருளாதாரத்தையும் வீட்டுச் செலவையும் ஒரே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். அப்படித்தான் கேட்க வேண்டும். களுவாஞ்சிகுடிப் பக்கம் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்த காலத்தில் நானும் பிள்ளைகளிடம் அதைத்தான் சொல்லி வந்தேன்: விலைக்கும் வாங்கும் அளவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் கேள்வி வளையியைக் கொப்பியில் கீறுவதற்கு முன்னால், சந்தையில் இன்றைக்குக் கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். சில கடிதங்கள் நீளமாக இருந்ததால் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. அந்தப் போகம் என் வயலுக்கு வந்த வியாபாரி 95க்கு மேல் ஒரு சதமும் தரமாட்டேன் என்றார். வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டேன். உத்தரவாத விலையை 150 ஆக்கச் சொல்லி நாங்கள் போராடினால் ஆதரிப்பீர்களா ரீச்சர்?
- விவசாயி, வெல்லாவெளி

பதில்: நியாயமான விலை கேட்டு நீங்கள் தெருவில் இறங்கினால் நானும் வருவேன் தம்பி. ஆனால் 150 என்று அறிவித்தாலும் அந்தக் காசு உங்கள் கைக்கு வராது என்பதையும் அங்கேயே சொல்வேன்.

அந்த அறிவிப்பை நிதானமாகப் பாருங்கள். நாடு 120, சம்பா 125, கீரிச்சம்பா 132. இந்த விலை 14 வீத ஈரப்பதனுக்குக் காய்ந்த நெல்லுக்கு உரியது. அதையும் நெல் சந்தைப்படுத்தும் சபையின் களஞ்சியத்துக்கு நீங்கள்தான் கொண்டுபோய் இறக்க வேண்டும். வெட்டு மெசின் உங்கள் வயலில் கொட்டியது பச்சை நெல். அதில் 20 வீதம் ஈரம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிலோவை 14 வீதத்துக்குக் காயவைத்தால் சுமார் 930 கிலோதான் மிஞ்சும். வியாபாரிக்குப் பச்சையாகக் கொடுத்தால் 95,000 ரூபா. காயவைத்துச் சபைக்குக் கொடுத்தால் 111,600 ரூபா. வித்தியாசம் 16,600. காயவைக்கும் கூலி, சாக்கு, லொறி வாடகை எல்லாம் அதற்குள்ளே அடங்க வேண்டும்.

அவ்வளவும் போனாலும் கையில் கொஞ்சம் மிஞ்சும்தான். பிறகு ஏன் 95க்குக் கொடுத்தீர்கள்? கடிதத்தின் பின்பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உரக்கடைக்காரர் வரம்பில் வந்து நிற்கிறார். உழவுக்காசு பாக்கி. வெட்டு மெசினுக்கு அன்றைக்கே காசு கொடுக்க வேண்டும். காயப்போட இடமில்லை, வானமும் இருண்டு கிடக்கிறது. உங்களால் பத்து நாள் பொறுத்திருக்க முடியவில்லை. வாங்குகிறவரால் ஆறு மாதம் பொறுக்க முடியும். நெல்லின் விலை அந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது.

என் அப்பாவுக்கு மண்டூர்ப் பக்கம் வயல் இருந்தது. சூடடித்து முடிந்ததும் கடனுக்கு வேண்டிய அளவை மட்டும் விற்பார். மிச்ச மூடைகளைத் துறையில் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏற்றிக் குருமண்வெளிக்குக் கொண்டுவந்து, வீட்டு விறாந்தையில் அடுக்கிவிடுவார். சித்திரை வருசம் கழிந்து விலை ஏறிய பிறகுதான் அவை வெளியே போகும். அவர் ஒன்றும் பெரிய போடியார் இல்லை. விதைநெல்லையும் உரத்தையும் கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்கு எடுத்திருந்தார், சங்கம் அறுவடை அன்றைக்கே வந்து வரம்பில் நிற்காது. அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே நீங்கள் போராடினால் இதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒவ்வொரு வயற்கண்டத்துக்கும் பொதுவான சீமெந்துக் களம், மழை வந்தால் மூடப் போதிய படங்கு. கமநல சேவை நிலையங்களில் நெல் உலர்த்தும் இயந்திரம். அதைவிட முக்கியமானது களஞ்சியப் பற்றுச்சீட்டு. நெல்லைக் களஞ்சியத்தில் வைத்துவிட்டு அந்தப் பற்றுச்சீட்டைக் காட்டி வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் எடுக்கலாம், உரக்கடைக் கணக்கை முடிக்கலாம், விலை ஏறும்போது விற்கலாம். இது எங்கோ வெளிநாட்டில் மட்டும் நடப்பது இல்லை, இலங்கையிலும் சில இடங்களில் இந்த முறை இருக்கிறது. வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரைக்கு அது ஏன் பரவலாக வரவில்லை என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இன்னொன்று. விலையை மட்டும் ஏற்றிக்கொண்டு போனால், வயல் இல்லாமல் அரிசியை வாங்கித் தின்னும் கூலிக் குடும்பம் அடிபடும். அவர்கள்தான் உங்கள் வயலில் நாற்றுப் பிடுங்கியவர்கள், களை எடுத்தவர்கள். எங்கள் நெல் லொறியில் பொலன்னறுவை ஆலைக்குப் போய், அரிசிப் பையாகத் திரும்பி எங்கள் கடைக்கே வருகிறது. தவிடு, உமி, ஆலைக்கூலி, இலாபம் எல்லாம் அங்கேயே தங்கிவிடுகின்றன. அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் விளைவதை இங்கேயே குற்றி விற்க, விவசாயிகளே பங்காளிகளாக இருக்கும் ஆலைகள் வந்தால் கமக்காரருக்கும் கூலிக்காரருக்கும் இடையே உள்ள இந்த இழுபறி நிறையக் குறையும்.

கேள்வி: 2024இல் நாட்டின் பொருளாதாரம் 5 வீதம் வளர்ந்தது என்று பாடக் கொப்பியில் எழுதினேன். அதைப் பார்த்த அம்மா, "எங்கே பிள்ளை வளர்ந்தது?" என்று கேட்டார். என்ன பதில் சொல்ல?
- உயர்தர மாணவி, காரைதீவு

பதில்: அம்மாவின் கேள்விதான் பரீட்சைக் கேள்வியாக வர வேண்டியது, மகள். 2021இல் நாட்டின் உற்பத்தி 100 என்று வைத்துக்கொள். 2022இல் 7.3 வீதம் சுருங்கியது: 92.7. அடுத்த வருடம் மேலும் 2.3 வீதம்: 90.6 அளவில். அதன் மேல் 5 வீதம் கூடினால் 95.1. அதாவது 2024இல் நாடு வளர்ந்தது உண்மை, ஆனால் 2021இல் இருந்த இடத்தைக்கூட அது இன்னும் எட்டவில்லை.

விலையையும் சேர்த்துப் பார். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். பிறகு அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. பணவீக்கம் இறங்கினால் பொருள் விலை இறங்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். விலை ஏறும் வேகம் குறைந்தது, அவ்வளவுதான். ஏறிய விலை ஏறியபடியே நிற்கிறது. அம்மாவின் சம்பளமோ அப்பாவின் கூலியோ அதே அளவு ஏறவில்லை. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2019இல் 11 வீத அளவில் இருந்த வறுமை 2023இல் 25.9 வீதம். நாலு பேரில் ஒருவர்.

வளர்ச்சி வீதத்தை எழுதும்போதெல்லாம் பக்கத்தில் இரண்டு கேள்விகளை எழுதிப் பழகு: யாருடைய வருமானம் கூடியது? எதைச் செலவழித்து அது கூடியது? மண்ணையும் காட்டையும் விற்றுக் காட்டும் வளர்ச்சியும் அந்த 5 வீதத்துக்குள் வளர்ச்சி என்றே எண்ணப்படும்.

கேள்வி: குழு லோன் 50,000 ரூபா எடுத்தேன். வருடத்துக்கு 24 வீத வட்டி என்றார்கள். முதலிலேயே 2,000 ரூபா கழித்துக்கொண்டுதான் தந்தார்கள். 50 கிழமைக்குக் கிழமைக்கு 1,240 ரூபா கட்ட வேண்டும். கணவர் கூலி வேலை. அதைக் கட்டுவதற்கு இப்போது வேறு இடத்திலும் லோன் எடுத்திருக்கிறேன். லோன்காரர் வரும் நாளில் வீட்டில் இருக்கவே பயமாக இருக்கிறது. பெண்களுக்குக் கடன் கொடுத்தால் வறுமை ஒழியும் என்று கூட்டத்தில் சொன்னார்களே ரீச்சர்?
- ஒரு தாய், கிரான்

பதில்: மகள், முதலில் பயத்தைப் பற்றிப் பேசுவோம். கடன் கட்டத் தாமதமாவது குற்றச்செயல் இல்லை. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்கள் வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் உரிமை கிடையாது. வாசலில் நின்று தூஷணம் பேசினால், இருட்டிய பிறகும் போகாமல் குந்தியிருந்தால், பொலிசில் முறைப்பாடு செய்யலாம். தனியே போகாதீர்கள், குழுவில் இருக்கிற மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தக் கடன்களால் உயிரை விட்ட பெண்கள் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். ஒரு கடனும் உங்கள் உயிருக்குச் சமம் இல்லை. மனம் தாங்காத நேரம் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

இனிக் கணக்கு. 50,000க்கு 24 வீதம் என்றால் 12,000 ரூபா வட்டி. மொத்தம் 62,000. அதை 50ஆல் பிரித்தால் 1,240. இதுவரை அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் அந்த 1,240இல் 1,000 ரூபா கடனின் முதல், 240 ரூபா வட்டி. இருபத்தைந்தாவது கிழமை முடிந்தபோது நீங்கள் 25,000 ரூபா முதலைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். மிச்சம் 25,000தான். அப்படியிருந்தும் முழு ஐம்பதாயிரத்துக்கும் உரிய வட்டியைத்தான் கடைசிக் கிழமை வரை கட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். குறைந்துகொண்டு போகும் மிச்சத்துக்கு வட்டி பார்த்தால் உண்மையான வருட வட்டி சுமார் 45 வீதம். முதலிலேயே கழித்த 2,000 ரூபாவையும் சேர்த்தால் அது 50 வீதத்தைத் தாண்டுகிறது.

வருடத்துக்கு 50 வீதம் இலாபம் தரும் தொழில் எது? இடியப்பம் அவித்து விற்றால் வருமா? பன்பாய் இழைத்தால் வருமா? கச்சான் போட்டால் பிடுங்க மூன்று நான்கு மாதம் போகும், ஆனால் லோன் எடுத்த அடுத்த கிழமையே முதல் கட்டுக்காசு. உங்கள் வருமானம் போகத்துக்கு ஒருமுறை வருகிறது, அவர்கள் கிழமைக்கு ஒருமுறை வருகிறார்கள். இந்த இடைவெளியை நிரப்பத்தான் நீங்கள் இரண்டாவது லோனை எடுத்தீர்கள். நீங்கள் சோம்பேறி என்றோ செலவாளி என்றோ யாராவது சொன்னால் அதைக் காதில் விழுத்தாதீர்கள். யார் அந்த இடத்தில் இருந்தாலும் கணக்கு இப்படித்தான் முடியும்.

2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு லட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் கொண்டுவந்தது. அன்றைக்கு அது தேவையாக இருந்தது. ஆனால் பழைய கடன் அழிந்த வீட்டுக்குப் புதிய லோன்காரர் வருவதை அது நிறுத்தவில்லை. வேண்டியது வேறு: உண்மையான வட்டி வீதத்தை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் தமிழில் எழுத வேண்டும், ஒருவருக்கு எத்தனை இடத்தில் கடன் இருக்கிறது என்று பார்க்காமல் கொடுத்தால் அந்த நட்டத்தைக் கொடுத்தவரே ஏற்க வேண்டும், கட்டும் தவணை தொழிலுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது: மூன்றாவது லோன் எடுக்காதீர்கள். எல்லாக் கடனையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள், கட்டிய துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள், மிச்சக் கணக்கை எழுத்தில் தரச்சொல்லிக் கேளுங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டச்சொல்லி எல்லோருமாகப் போய்ப் பேசுங்கள். அப்புறம் உங்கள் பக்கத்தில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறதா என்று விசாரியுங்கள். இலங்கையில் அந்தச் சங்கங்கள் 1906இலேயே தொடங்கியவை, நலிந்து போய் 1978இல் மறுபடி எழுந்தவை. உறுப்பினரின் சேமிப்பே அங்கே கடனாகிறது, இலாபமும் உறுப்பினரிடமே நிற்கிறது. எந்தச் சங்கமும் நிர்வாகம் கெட்டால் கெட்டுத்தான் போகும், அதனால் கணக்கு வாசிக்கும் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். பெண்கள் கட்டும் சீட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம்பிக்கையான பத்துப் பேருக்குள் கட்டும் சீட்டுக்கு வட்டியே இல்லை.

கேள்வி: நான் வற் வரிக்குப் பதிவு செய்யாத சின்னக் கடைக்காரன். பதிவில்லாத கடையில் எதற்கு 18 வீதம் என்று சனம் என்னோடு சண்டைக்கு வருகிறது.
- வியாபாரி, காத்தான்குடி

பதில்: நீங்கள் அறவிடவில்லை, ஆனால் மொத்த வியாபாரியிடம் சவர்க்காரம் வாங்கும்போதே கட்டிவிட்டீர்கள். பதிவு செய்த பெரிய கடை, தான் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். நீங்கள் கழிக்க முடியாது, விலையில்தான் போடுவீர்கள். இதைக் கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள்.

இந்த வரி ஏன் இவ்வளவு ஏறியது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 கடைசியில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். வேறு வரிகளும் குறைந்தன. நாட்டின் வரி வருமானம் 2022இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்துக்கும் கீழே விழுந்தது. அதே வருடம் ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிக்க வேண்டி வந்தது. பிறகு 12, 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏற்றினார்கள். டீசலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் இருந்த விலக்கும் அப்போது போய்விட்டது. அரிசிக்கு வரி இல்லை என்றாலும் அரிசி ஏற்றிவரும் லொறியின் டீசலுக்கு உண்டு.

அரசாங்கத்துக்கு வரி வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் வரியில்தான் நடக்கின்றன. ஆனால் சவர்க்காரம் வாங்கும் மீனவத் தாயும் மாளிகை வைத்திருப்பவரும் ஒரே வீதத்தில் கட்டும் வரியைத்தான் முதலில் ஏற்றினார்கள். வருமானத்துக்கும் சொத்துக்கும் உரிய வரியை ஒழுங்காகச் சேர்ப்பது கடினமான வேலை, ஆட்பலமும் துணிவும் வேண்டும். அந்தக் கடினமான வேலையைத் தள்ளிப்போட்டதன் விலையை உங்கள் கடைக்கு வருகிறவர்கள் கட்டுகிறார்கள்.

கேள்வி: இரசாயன உரம் நிலத்தைக் கெடுக்கிறது என்றால் 2021இல் அதைத் தடை செய்தது நல்ல கொள்கைதானே? ஏன் தோற்றது?
- பல்கலைக்கழக மாணவர், வந்தாறுமூலை

பதில்: நோக்கம் நல்லது, வழி கொடியது. 2021 மே மாதம் இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அந்த ஆறேழு மாதத்துக்குள் பெரும்போக விதைப்பு வந்துவிட்டது. போதிய சேதனப் பசளை கிடையாது, எவ்வளவு போடுவது என்று சொல்லிக்கொடுக்க ஆட்களும் கிடையாது. இரசாயன உரத்துக்கு ஏற்றபடி உருவாக்கிய நெல்லினங்களை வைத்துக்கொண்டு ஒரே போகத்தில் மாறச் சொன்னார்கள். விளைச்சல் படுத்தது, அரிசியை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. மண்ணுக்கு உயிர் திரும்பப் பல போகம் பிடிக்கும். அந்த இடைக்காலத்தில் விளைச்சல் குறைந்தால் விவசாயியின் வீட்டை யார் பார்ப்பது என்பதற்குப் பதில் எழுதிவிட்டுத்தான் அந்தக் கொள்கையைத் தொடங்கியிருக்க வேண்டும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது, அதற்குப் பிறகு சேதனப் பசளை என்ற பேச்சை எடுத்தாலே எங்கள் விவசாயிகள் எழுந்து போவது.

கேள்வி: ஒலுவில் துறைமுகம் வந்த பிறகு எங்கள் கரை போய்விட்டது. கரைவலை இழுக்க இடமில்லை, தென்னைகள் கடலுக்குள் விழுந்தன. கேட்டால் அபிவிருத்தி வேண்டும் என்றால் சிலது இழக்கத்தான் வேண்டும் என்கிறார்கள்.
- மீனவர், நிந்தவூர்

பதில்: இழந்தது நீங்கள், பெற்றது யார் என்று கேளுங்கள். துறைமுகம் டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறக்கப்பட்டது. கிழக்குக் கரையில் மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதைக் கரைவலைக்காரர் எல்லோரும் அறிவார்கள். கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புச் சுவர் அந்த மணலைப் பிடித்து நிறுத்தியது. சுவரின் ஒரு பக்கம் மணல் குவிய, மறுபக்கத்துக் கரைக்கு வரவேண்டிய மணல் வராமல் கடல் அரித்தது. துறைமுக வாயிலையும் மணல் மூடியதால் படகுகள் உள்ளே போய்வர முடியாமல் போனது. ஆகவே அபிவிருத்தியா சூழலா என்ற கேள்வியே இங்கே பொருந்தாது. இரண்டுமே கிடைக்கவில்லை, கடன் மட்டும் நாட்டின் கணக்கில் ஏறியது.

ஒரு திட்டத்தின் செலவு என்று காட்டும்போது கல்லும் சீமெந்தும் மட்டும் எழுதுகிறார்கள். போன கரையும் நின்ற தொழிலும் எந்த நிரலிலும் வருவதில்லை. அந்த நிரலை எழுதக்கூடியவர்கள் நீங்கள்தான். சுனாமிக்குப் பிறகும் இதே கதை நடந்தது. யாருக்கு எந்தப் படகு வேண்டும் என்று கேட்காமல் படகுகளைக் கொடுத்தார்கள், சில இடங்களில் முன்பு இருந்ததைவிடப் படகு கூடி மீன் குறைந்தது. முடிவு எடுக்கும் இடம் கொழும்பில் இருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது, அதன் பிறகு பல ஆண்டுகள் தேர்தலே இல்லாமல் ஓடின. உங்கள் சங்கம் அரிப்பு ஏற்பட்ட இடங்களைத் திகதியோடு படம் எடுத்து வைக்கட்டும். நட்டஈடு கேட்கவும் அடுத்த திட்டம் வரும்போது எதிர்க்கவும் அது உதவும்.

கேள்வி: நாங்கள் கல்லோயா இடதுகரையின் கடைசி வாய்க்கால். சிறுபோகத்தில் தண்ணீர் வந்து சேர்வதற்குள் பயிர் கருகுகிறது. மேலே உள்ளவர்கள் சிங்களவர்கள், நாங்கள் தமிழர்கள், எங்களுக்கு யார் தருவார்கள்?
- விவசாயி, நாவிதன்வெளி

பதில்: தந்திருக்கிறார்கள் ஐயா. உங்கள் வாய்க்காலிலேயே நடந்த கதை இது, எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் படிப்பிக்காத கதை.

கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. இங்கினியாகலையில் கட்டிய சேனநாயக்க சமுத்திரம் நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். எழுபதுகளின் கடைசியில் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து, நாட்டிலேயே மோசமான நீர்ப்பாசனம் என்று பெயர் எடுத்திருந்தன. வால்பகுதிக்குத் தண்ணீர் வருவதே இல்லை. 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாகக் கிராமங்களில் தங்க வைத்தன. அவர்கள் சங்கத்துக்குச் சட்டவிதி எழுதிக்கொண்டு வரவில்லை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் விவசாயிகளை வீடு வீடாகப் போய்ச் சந்தித்து, முதலில் வாய்க்காலைச் சேர்ந்து துப்புரவாக்க வைத்தார்கள். அடுத்து முறைவைத்துத் தண்ணீர் எடுக்க வைத்தார்கள். பிரதிநிதியைப் பிறகுதான் தெரிவு செய்தார்கள், அதுவும் வாக்கெடுப்பில் இல்லை, எல்லோரும் பேசி ஒத்துக்கொண்டு. குளத்தில் தண்ணீர் மிகக் குறைவாக இருந்த அந்த முதல் போகத்திலேயே மேற்பகுதிச் சிங்கள விவசாயிகள் தாங்கள் மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள். கீழே இருந்தவர்களில் தமிழரும் இருந்தார்கள்.

பொதுச் சொத்தை மக்களே கூடி நிர்வகிக்க முடியும் என்பதை ஆராய்ந்ததற்காகத்தான் எலினோர் ஒஸ்ட்ரம் 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார், அதைப் பெற்ற முதல் பெண் அவர். அந்த ஆராய்ச்சித் துறையில் இருப்பவர்கள் உலகமெங்கும் கல்லோயாவை அறிவார்கள். பிறகு வந்த யுத்தம் எங்களை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாதபடி ஆக்கிவிட்டது. அந்தக் காயத்தைச் சின்னதாக்கிச் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னால் வயலுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்க்கும் உங்கள் வட்டை விதானையும் இரண்டு மூன்று விவசாயிகளும் மேல்வாய்க்கால் சங்கத்திடம் நேரே போங்கள். அதிகாரியின் மேசையில் சந்திக்கும்போது இரண்டு தரப்பும் வழக்காளிகள். வாய்க்கால் கட்டில் நின்று பேசினால் தண்ணீர் எங்கே கசிகிறது என்று இரண்டு தரப்புக்கும் கண்ணால் தெரியும்.

கேள்வி: ஓட்டு வீடு இருக்கிறது என்று எனக்கு அரசாங்கத்தின் அஸ்வெசும நிவாரணக் காசு கிடைக்கவில்லை. அந்த வீடு சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனம் கட்டித் தந்தது.
- ஒரு விதவைத் தாய், கல்லாறு

பதில்: அஸ்வெசும 22 குறியீடுகளை வைத்துப் புள்ளி போடுகிறது. வீடு அதில் ஒன்றுதான், அது ஒன்றினால் மட்டும் தள்ளுபட்டிருக்க முடியாது. பிரதேச செயலகத்தில் உங்கள் விபரப் படிவத்தைக் காட்டச் சொல்லி, எதைத் தவறாகப் பதிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மேன்முறையீடு செய்யும்போது வீடு தானமாகக் கிடைத்ததற்கான கடிதம், கணவரின் மரணச் சான்றிதழ், மருந்துத் துண்டுகள் எல்லாவற்றின் பிரதியையும் இணையுங்கள். 2025 ஜனவரியில் வறியவருக்கு மாதம் 10,000, மிக வறியவருக்கு 17,500 என்று தொகையைக் கூட்டினார்கள். அது உங்களுக்குச் சேர வேண்டிய காசு, யாரும் போடும் பிச்சை இல்லை, நேரே நிமிர்ந்து நின்று கேளுங்கள்.

கேள்வி: கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகச் சொல்லி ஏஜென்சிக்காரர் முற்பணமும் தருவதாகச் சொல்கிறார். இந்தக் கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். போகட்டுமா ரீச்சர்?
- ஒரு தங்கை, கொக்கட்டிச்சோலை

பதில்: தங்கச்சி, 2024இல் வெளிநாட்டில் உழைக்கும் இலங்கையர் 650 கோடி டொலருக்கு மேல் அனுப்பினார்கள். சுற்றுலாவில் நாட்டுக்கு வந்ததைப்போல் அது இரண்டு மடங்கு. நாடு விழுந்து எழும்பியதில் உன்னைப் போன்ற பெண்களின் கைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்த நாடு உனக்கு உள்ளூரில் என்ன வைத்திருக்கிறது? இலங்கையில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் சுமார் மூன்றில் ஒருவர்தான் உழைப்புச் சந்தையில் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு விருப்பம் இல்லாமல் இல்லை. கொக்கட்டிச்சோலையிலிருந்து வேலைக்குப் போய் இருட்டுமுன் திரும்ப பஸ் வேண்டும், பிள்ளையை விட்டுப்போக நம்பிக்கையான பராமரிப்பு நிலையம் வேண்டும். ஒரு பெரிய ஹோட்டலுக்கு வரிச்சலுகை கொடுக்கும் நாடு இந்த இரண்டையும் செலவாகப் பார்க்கிறது. நான் இதை முதலீடு என்பேன்.

போ என்றோ போகாதே என்றோ நான் சொல்ல மாட்டேன், உன் அடுப்பு எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கிழமைக்குள் முடிவு சொல்லாதே. முற்பணம் கைக்கு வந்தால் நீ கடன்காரி ஆகிவிடுவாய். அங்கே வீட்டுக்காரர் அடித்தாலும் பட்டினி போட்டாலும், திரும்பி வருகிறேன் என்றால் அந்தக் காசைக் கட்டு என்பார்கள். முற்பணத்துக்கு எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்று எழுத்தில் கேள். ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல். சுற்றுலா விசாவில் ஏற்றிவிடுகிறேன் என்றால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடு. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் விமானம் ஏறாதே. கடவுச்சீட்டு, ஒப்பந்தம், அந்த வீட்டு முகவரி மூன்றின் பிரதியையும் அம்மாவிடம் ஒன்று, பிள்ளைகளின் வகுப்பு ரீச்சரிடம் ஒன்று கொடுத்துவை. புறப்படுமுன் உன் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்று திற. வீட்டுச் செலவுக்கு மாதம் எவ்வளவு என்று முடிவு செய்து அதை மட்டும் அம்மாவின் கணக்குக்கு அனுப்பு, மிச்சம் உன் கணக்கிலேயே கிடக்கட்டும்.